நெற்றிக்காசு

பக்கத்துக் கடை வாசலில் குத்துவிளக்கை வைத்துக்கொண்டு புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கிறார்கள். நாளைக்கு வெள்ளிக்கிழமை. அந்தப் புளித்த வாடை, பஸ் புகைக்கும் டீக்கடை எண்ணெய்க்கும் நடுவில் புகுந்து நேராக என் கடைக்குள் வந்துவிட்டது. காலையிலிருந்து போணி ஆகவில்லை. ஒரு பெண் வந்து மெட்டி விலை கேட்டாள், செல்போனில் வேறு எங்கோ விலை பார்த்தாள், உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டாள். உன் முக்காலி எதிரே சும்மா கிடக்கிறது. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

உனக்குப் படிக்கத் தெரியாது. இருந்த காலத்தில் படிக்காதவள் போன பிறகா படிக்கப் போகிறாய். பரவாயில்லை. நீ என்னிடம் ஒரு பொருளைக் கொடுத்துப் பார்த்துச் சொல்லச் சொன்னாய். பதில் கேட்க வராமலே போய்விட்டாய். இந்தக் கடையில் உட்கார்ந்த நாளிலிருந்து, பார்க்கச் சொல்லிக் கொடுத்த பொருளுக்குப் பதில் சொல்லாமல் நான் யாரையும் அனுப்பியதில்லை. உன்னை மட்டும் எப்படி அனுப்புவது?

காசு என் முன்னால்தான் இருக்கிறது, நீ முடிந்து கொடுத்த அதே மஞ்சள் துணியின் மேல். பழைய வெள்ளி ரூபாய். ஒரு பக்கம் ராணியின் தலை, மறுபக்கம் கொடியும் பூவும், நடுவில் எழுத்து. ராணியின் முகம் இருந்த இடம் என்று சொல்வதுதான் சரி.

நீ முதல்முதலில் என் கடைப் படி ஏறிய நாள் உனக்கு நினைவிருந்ததோ என்னவோ, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் வீட்டுக்காரர் போய், கடையை நானே எடுத்து நடத்த ஆரம்பித்த புதுசு. சந்தை நாள். நீ சாமை மூட்டையைத் தலையிலிருந்து இறக்கி வாசலில் வைத்துவிட்டு, செருப்பையும் கழற்றிவிட்டு உள்ளே வந்தாய். இதென்ன கோயிலா என்று மனதுக்குள் சிரித்தேன். கொலுசு வாங்க வந்திருப்பாய் என்று நினைத்துப் பெட்டியை எடுத்தேன். நீ இடுப்பிலிருந்து இந்த முடிச்சை அவிழ்த்து மேசையில் வைத்தாய்.

“யக்கா, வெல வேணாம். இது நெசமா பொய்யான்னு மட்டும் சொல்லு.”

பழைய சாமானுக்குப் பிளாஸ்டிக் குடம் கொடுக்கிறவன் ஒருவன் உங்கள் ஊருக்கு வந்திருக்கிறான். காசைப் பார்த்துவிட்டு, இது வெள்ளியே இல்லை, ஈயத்துக்கு முலாம் பூசினது, வேண்டுமானால் ஒரு குடம் தருகிறேன் என்றிருக்கிறான். அன்றிரவு முழுக்க நீ தூங்கவில்லையாம். விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்து மலையிறங்கி வந்திருக்கிறாய். ஒரு காசுக்கு இவ்வளவு அலட்டலா என்று எனக்குத் தோன்றியது. கருங்கல் மேடையில் காசைத் தட்டிப் பார்த்தேன். வெள்ளியாக இருந்தால் அந்தச் சத்தம் உடனே நிற்காது, கொஞ்ச நேரம் இழுத்துக்கொண்டே போகும். இழுத்தது. விளிம்பை உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்து, அதன் மேல் திராவகம் வைத்துப் பார்த்தேன். நிஜம்தான் என்றேன். நீ முக்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாய்.

கடையில் உட்கார்ந்து அழாதே, வருகிற கிராக்கி என்ன நினைக்கும் என்று அதட்டினேன். அப்படித்தான் நம் பழக்கம் ஆரம்பித்தது, என் அதட்டலும் உன் அழுகையுமாக. மூக்கைச் சிந்திவிட்டு நீ உங்கள் வீட்டு வழக்கத்தைச் சொன்னாய். எங்கள் பக்கத்திலும் செத்தவர் நெற்றியில் காசு வைப்போம். கைக்குக் கிடைத்த ஒரு ரூபாயை ஒட்டுவோம், அது பிணத்தோடு போகும், அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உங்கள் வீட்டில் அப்படி இல்லை. யார் செத்தாலும் சந்தனத்தைக் குழைத்து இந்த வெள்ளி ரூபாயைத்தான் ஒட்டுவார்கள். குழியில் இறக்குவதற்கு முன் எடுத்து வீட்டுக்குக் கொண்டு வருவார்கள். மூத்த மருமகள் அதைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவி, மஞ்சள் துணியில் முடிந்து வைப்பாள், அடுத்த ஆளுக்கு. உன் மாமியாருக்கு வைத்ததை நீ கழுவினாய். உன் புருஷனுக்கு வைத்ததையும் நீயேதான் கழுவினாய்.

“பொய்க் காச வச்சு அனுப்பியிருந்தா அவங்கல்லாம் எங்க போய் நிப்பாங்க யக்கா?” என்று கேட்டாய். எங்கே போய் நிற்பார்கள் என்று எனக்கும் தெரியாது. என் வீட்டுக்காரர் நெற்றியில் என்ன காசு வைத்தார்கள் என்பதையே நான் கவனிக்கவில்லையே என்று அப்போதுதான் பட்டது.

தொழில் புத்தி சும்மா இருக்குமா? நீ கேட்காமலே விலையையும் சொன்னேன். வெள்ளி எடைக்கு என்ன போகுமோ அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு காசும் ஏறாது என்றேன். பழைய காசைத் தேடி வாங்குகிறவர்களுக்கு அதன் மேல் காலம் காலமாகப் படிந்த கறுப்பு அப்படியே இருக்க வேண்டும். தேய்த்த காசை ஒரு பார்வையில் கண்டுபிடித்துத் தள்ளி வைத்துவிடுவார்கள். தேய்த்துத் தேய்த்து ராணியம்மா மூஞ்சியையே காணாமல் அடித்துவிட்டீர்களே, இதைச் சும்மா போட்டு வைத்திருந்தால் நல்ல காசாகியிருக்குமே என்று அங்கலாய்த்தேன். நீ என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தாய். செத்தவர் நெற்றியில் இருந்ததைக் கழுவாமல் எப்படி வீட்டுக்குள் எடுத்துப் போவது என்றாய்.

அதற்குப் பிறகு சந்தை நாள் என்றால் நீ வந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. சாமை, கடுக்காய், சில நாள் புட்டியில் தேன், எல்லாம் விற்றுவிட்டு மத்தியானப் பஸ்ஸுக்கு நேரமிருக்கும்போது என் கடைக்கு வருவாய். செருப்பைக் கழற்றாமல் ஒரு நாளும் வந்ததில்லை. நான் எத்தனையோ தடவை திட்டியும் கேட்கவில்லை. நான் டீ சொல்வேன். நீ தூக்குச்சட்டியைத் திறந்து சாமைச் சோறும் துவையலும் எடுப்பாய். எனக்கும் ஒரு பங்கு கொண்டு வந்திருப்பாய், ஆனால் எனக்காகக் கொண்டு வந்ததாகச் சொல்ல மாட்டாய், ஜாஸ்தி ஆகிவிட்டது என்பாய். வாரா வாரம் ஒரு மனுஷிக்கு அளவு தெரியாமல் ஜாஸ்தி ஆகுமா?

உங்கள் ஊர்க்காரர்கள் பழைய காசு, அறுந்த அரைஞாண், ஒடிந்த காப்பு என்று உன்னிடம் கொடுத்தனுப்ப ஆரம்பித்தார்கள். நான் எடுத்து எடை போடுவதற்குள் நீ என் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாய். ஜன்னல் வெளிச்சத்தில் காசைச் சாய்த்துப் பார்த்து, இதுவும் கழுவுன காசுதான் யக்கா, எங்க ஜனங்களுக்குக் கை சும்மா இருக்காது என்று சிரிப்பாய். உன் காசை ஒரு நாள் அப்படிப் பார்த்துவிட்டு, இந்தக் கெயவிக்கு மூக்கும் கன்னமும் போச்சு, காது மட்டும் போகவில்லை, ஒட்டுக் கேட்கிறவளுக்குக் காது தேயாது என்று சொன்னாய். நான் டீயைத் துணி மேல் கொட்டிக்கொண்டு சிரித்தேன். இந்தக் கடையில் நான் அப்படிச் சிரித்ததைப் பார்த்தவள் நீ ஒருத்திதான்.

அந்த மழை நாளையும் சொல்லிவிடுகிறேன். இப்போது அதுதான் என்னைப் போட்டுப் பிடுங்குகிறது. போன வருஷம், ஆவணி இருக்கும். எனக்குக் காய்ச்சல். கடையைத் திறந்து வைத்துவிட்டு மேசையில் தலையைச் சாய்த்துக் கிடந்தேன். சந்தையில் ஈ காக்கை இல்லை. நீ நனைந்துகொண்டே வந்தாய். என் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்து, சாமையைப் போட்டுக் கஞ்சி காய்ச்சிக் கொண்டு வந்தாய். பஸ் போய்விடும் போ என்றேன். அடுத்த பஸ்ஸுக்குப் போவேன் என்றாய். அடுத்தது சாயங்காலம்தான் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

காய்ச்சல் வாய் கண்டதையும் பேசும். பிள்ளை இல்லை, குட்டி இல்லை, கொழுந்தன் மகன் சென்னையில் இருக்கிறான், அவனுக்கு இந்தக் கடை இருக்கிற இடம்தான் கண்ணில் தெரியும், நான் தெரிய மாட்டேன் என்று புலம்பினேன். செத்தால் வண்டிக்காரன் தூக்கிக்கொண்டு போவான், என் நெற்றியில் ஒரு காசு வைக்க யார் இருக்கிறார்கள் என்றும் சொன்னேன். ஏதாவது வேடிக்கையாகச் சொல்வாய் என்று எதிர்பார்த்தேன். நீ கஞ்சியை ஆற்றிக்கொண்டே இருந்தாய். ஆற்றி முடித்துக் கையில் கொடுத்துவிட்டு, அந்தப் பேச்ச விட்டுட்டு குடி என்றாய். அவ்வளவுதான். நானும் மறந்துவிட்டேன்.

ஐப்பசியில் நீ வந்தபோது படியேறியதும் முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். மூச்சு வாங்கியது. என்னடி என்றால், மேடு ஏறினா வாங்காதா என்றாய். மலை ஏறி இறங்குகிறவளுக்கு என் கடைப் படி ஒரு மேடா? நான் தோண்டிக் கேட்பதற்குள் நீ முடிச்சை அவிழ்த்து இந்தக் காசை மேசையில் வைத்துவிட்டாய்.

“எம் மவன் போன்ல காட்டுறான் யக்கா, இந்த மாரி காசு லட்சத்துக்குப் போவுதாம். நீ பாத்து சொல்லு. ஜாஸ்தின்னா வித்து வண்டி வாங்கிக்கட்டும். கம்மின்னா நெத்திக்கே கெடக்கட்டும்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வந்த முதல் நாளே சொன்னேனே, எடைக்கு மேல் ஏறாது என்று, அந்தப் போனில் பேசுகிறவன் ஒருவனாவது கையில் பணத்தோடு வந்து நின்றிருக்கிறானா என்று கத்தினேன். நீ பொறுமையாகக் கேட்டுக்கொண்டாய். அது அப்போ, இப்போ வெள்ளி ஏறிக்கினே போவுதாமே என்றாய். அவசரமில்லை, நிதானமாகப் பார், இங்கேயே இருக்கட்டும் என்றாய். காசைக் கண்ணில் ஒற்றி என் பக்கம் தள்ளினாய். பிறகு படியிறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டு, திரும்பி ஒரு தடவை கடையைப் பார்த்தாய். நான் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

நீ கேட்டாய் என்பதற்காக முறையாகத்தான் பார்த்தேன். அடுத்த சந்தை நாளைக்கு நீ வரவில்லை. அதற்கு அடுத்ததற்கும் வரவில்லை. உன் மகனுக்குப் போன் போட்டேன், காய்ச்சல், படுத்திருக்குது பெரிம்மா என்றான். மழை விட்டதும் வருகிறேன் என்றேன். கடையில் வேலை இல்லாதபோதெல்லாம் உன் காசை எடுத்து வைத்துக்கொண்டேன். தராசில் போட்டால் இருக்க வேண்டிய எடை இல்லை, கொஞ்சம் குறைந்திருக்கிறது. விளிம்பில் இருக்க வேண்டிய பல் பல்லான கோடு ஒரு பக்கம் வழவழவென்று ஆகிவிட்டது. பிடித்துக்கொண்டு தேய்த்த கட்டைவிரல் எல்லாம் அந்தப் பக்கம்தான் போலிருக்கிறது. விளிம்பின் இன்னொரு இடத்தில் நான் அன்றைக்கு உரைகல்லில் இழுத்த தடம் இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்தால் ராணியின் கன்னத்தில் முடி முடியாகக் கீறல். ஒன்றன் மேல் ஒன்றாக, ஒரு திசையில் இல்லாமல், வேறு வேறு கை தேய்த்த மாதிரி. அதில் எது உன் மாமியாருக்காக நீ தேய்த்தது, எது உன் புருஷனுக்காகத் தேய்த்தது என்று பூதக்கண்ணாடியில் தேடிக்கொண்டிருந்தேன். தெரியுமா அதெல்லாம்? ஆனாலும் தேடினேன். காசு பார்க்கிறவர்கள் இதையெல்லாம் ஒரே வார்த்தையில் கெட்டுப்போன காசு என்று சொல்லிவிடுவார்கள். நானும் அந்தத் தொழில்காரிதான். எழுத்து நன்றாக இருக்கிறது, வெள்ளி சுத்தம், முகம் போய்விட்டது, தேய்த்த காசு, எடை விலை. அதுதான் என் பதில். சந்தை நாளைக்கு வா, சொல்கிறேன் என்று வைத்திருந்தேன்.

கார்த்திகையில் ஒரு காலை போன் வந்தது. உன் மகன் பெரிம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். நான் கடையைக்கூடச் சரியாகப் பூட்டவில்லை. காசை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினேன். கம்மிதான் என்று ஆகிவிட்டதே, அப்படியானால் அது உன் நெற்றிக்குத்தானே போக வேண்டும். நீயே சொன்ன கணக்கு. கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தபோது பஸ் நின்றுவிட்டது. ராத்திரி மழையில் மரம் சாய்ந்து ரோட்டில் கிடந்தது. வெட்டி அகற்ற ஆள் வர வேண்டும் என்றார்கள். எல்லோரும் இறங்கி நின்று மரத்தை வேடிக்கை பார்த்தார்கள். நான் கண்டக்டரிடம் சண்டைக்குப் போனேன். மரத்த நானாம்மா சாய்ச்சேன் என்று அவர் கேட்டார். நியாயம்தான். என் கையில் ஒரு ஆளுடைய காசு இருக்கிறது, அவள் காத்துக்கொண்டிருக்கிறாள் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றேன். என் வாழ்க்கையில் ஒரு முடிச்சை அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்ததில்லை.

நான் வந்து சேர்ந்தபோது வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வாசலில் தண்ணீர் ஓடியது. எனக்கு விஷயம் அங்கேயே புரிந்துவிட்டது. உன் மருமகள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். மழ வலுத்துக்கினே வருது, இதுக்கு மேல வெக்கக் கூடாதுன்னு பெரியவங்க தூக்கிட்டாங்க பெரிம்மா என்று அழுதாள். நெற்றியில் என்ன வைத்தீர்கள் என்று கேட்டேன். உன் மகன் சட்டைப் பையில் பஸ் சில்லறை இருந்ததாம், அதில் ஒரு ரூபாய். அதைத் திருப்பிக் கொண்டு வந்தார்களா என்றேன். அது வழக்கத்துக் காசு இல்லையே, குழியோடயே விட்டுட்டாங்க என்றாள்.

அவளுக்குப் பின்னால், அம்மிக்குப் பக்கத்தில், ஒரு கொட்டாங்கச்சியில் புளியும் சாம்பலும் குழைத்து வைத்திருந்தது. பாவம், மூத்த மருமகள் இல்லையா, காசு எப்படியும் வந்துவிடும் என்று காலையிலேயே குழைத்து வைத்திருக்கிறாள். கழுவ ஒன்றும் வரவில்லை. அது காய்ந்து வெடித்துப் போயிருந்தது. நான் முடிச்சை அவிழ்க்காமலே திரும்பினேன். யாரும் காசைப் பற்றிக் கேட்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் வாயை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதேன். உனக்காக அழுதேன் என்று சொன்னால் அது பாதிதான். இனி சந்தை நாள் என்று ஒரு நாள் எனக்கு இல்லையே என்றும் அழுதேன்.

பொங்கல் போனது. தை முடிந்தது. போன வாரம் உன் மகன் வந்தான், பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு. இரண்டு பேரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார்கள். டீ சொன்னேன். அவன் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்து, அம்மா குடுத்த காசு இன்னா ஆச்சு பெரிம்மா என்று கேட்டான்.

அந்த நிமிஷம் நான் பட்ட பாடு உனக்குத் தெரிய வேண்டும். ஜாஸ்தி என்றால் விற்றுவிடுவான். கம்மி என்றால் வழக்கத்துக்கு என்று வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவான். எதைச் சொன்னாலும் காசு என் மேசையை விட்டுப் போய்விடும். உன்னுடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். நீ ஒரு போட்டோகூட எடுத்துக்கொண்டதில்லை. இன்னும் பார்க்கவில்லை, அடுத்த மாதம் வா என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. காசை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து அவனுக்கும் காட்டினேன். கீறலைக் காட்டினேன், வழவழத்த விளிம்பைக் காட்டினேன். தேய்த்த காசுப்பா, எடை விலைதான், போனில் சொல்கிறவன் சொல்லும் விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள் என்றேன். அவன் முகம் தொங்கிப்போனது. வண்டி வாங்கும் ஆசையில் இருந்த பிள்ளை. நான் மஞ்சள் துணியில் வைத்து முடிந்து அவன் பக்கம் நகர்த்தினேன். அவன் அதை என் பக்கம் திருப்பி நகர்த்தினான்.

“அம்மா படுத்துக்கினு இருக்கும்போதே நான் கேட்டேன் பெரிம்மா, கீழ போய் காச எடுத்தாந்துடட்டுமான்னு. வேணாம், அது இருக்க வேண்டிய எடத்துல இருக்குதுன்னுச்சு. எங்க யக்காவுக்கு யாரும் இல்ல, அங்கயே இருக்கட்டும்னுச்சு.”

அவன் மேலே மேலே சொல்லிக்கொண்டு போனான், அடுத்த வாரம் விறகு கொண்டு வந்து போடுகிறேன் என்று சொல்வது போலச் சாதாரணமாக. காசு எங்கே இருக்கிறதோ அங்கே வழக்கமும் உண்டாம். எனக்கு ஒன்று என்றால் அவன் வந்து வைக்க வேண்டுமாம். கழுவுவதற்கு இவள் வருவாளாம். பக்கத்துக் கடைக்காரரிடம் தன் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வந்தானாம். உன் மருமகள் தலையை ஆட்டினாள். மலையில் அவர்கள் வீட்டில் யாருக்காவது முதலில் அப்படி ஆகிவிட்டால் வந்து வாங்கிக்கொண்டு போய், கழுவித் திருப்பிக் கொண்டு வந்து வைப்பார்களாம். இரண்டு பேரும் பேசி முடிவு பண்ணித்தான் வந்திருக்கிறார்கள்.

அவர்கள் போன பிறகு கடையைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்தேன். அடிப்பாவி. விலை உனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். தேய்த்த காசு எது, தேய்க்காத காசு எது என்று என் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு எனக்கே சொன்னவள் நீ. பிறகு எதற்கு, நிதானமாகப் பார், அவசரமில்லை என்று வைத்துவிட்டுப் போனாய்? நேராகக் கொடுத்தால் நான் வாங்க மாட்டேன் என்று தெரிந்துதானே. சாமைச் சோற்றைக்கூட ஜாஸ்தி ஆகிவிட்டது என்று சொல்லித்தானே கொடுத்தாய்.

காய்ச்சலில் உளறினேன், அதைப் போய் மனதில் வைத்துக்கொண்டாயே. உன் மாமியார் வைத்துக்கொண்டு போன காசு, உன் புருஷன் வைத்துக்கொண்டு போன காசு. அவர்கள் எங்கே போய் நிற்பார்கள் என்று தூக்கமில்லாமல் மலையிறங்கி வந்தவள் நீ. கடைசியில் நீ பஸ் சில்லறையை ஒட்டிக்கொண்டு போனாய். உன்னை யார் கேட்டது? இதை உன் முகத்துக்கு நேராகக் கேட்க வேண்டும் போல இருக்கிறது. சண்டை போட வேண்டும் போல இருக்கிறது. சண்டை போட ஆள் இல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது, நீ மகன் மருமகள் என்று நிறைந்த வீட்டில் இருந்தாய். எனக்கு நீ மட்டும்தான் இருந்தாய்.

ஆகையால் நீ கேட்டதற்குப் பதில் இதுதான். விலை கம்மி. அதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன், யாருக்காகவும் சொன்னதில்லை. வெள்ளி சுத்தம், சத்தம் நன்றாக இழுக்கிறது, முகம் போய்விட்டது. நீ கொண்டு வந்து வைத்த பிறகு நான் அதைத் தேய்க்கவே இல்லை. ராணியின் காதோரம் லேசாகக் கறுப்புப் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. நேற்று கொலுசு வாங்க வந்த ஒருவர் பார்த்துவிட்டு, கொஞ்சம் பல்பொடி போட்டுத் தேயுங்களேன், பளபளவென்று ஆகிவிடும் என்றார். தேய்க்க ஆள் இருக்கிறது, நேரம் வரும்போது தேய்ப்பாள் என்றேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன், உன்னிடம் சொன்னால் என்ன? தோடு போட்டுப் பார்க்க வைத்திருக்கும் கண்ணாடியை எதிரே இழுத்து வைத்து, காசை எடுத்து என் நெற்றியில் வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. கழுத்தைப் பின்னால் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். நிமிர்ந்ததும் வழுக்கி மேசைக்கல்லில் விழுந்து, அந்தச் சத்தம் இழுத்துக்கொண்டே போனது. தானாக ஒட்டாது. சந்தனம் வேண்டும், அதை வைக்க இன்னொருவர் கையும் வேண்டும். கை மலையிலிருந்து வரும் என்று உன் மகன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். பஸ் நேரத்துக்கு வந்தால் சரி.